ஏழாம் நம்பரில் இருவர்

தொண்ணூற்றைந்தில், பின்லாந்தின் தாம்பரே நகரத்து மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை தெல்லெர்வோவுடையது. அவருக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கணினிதான் சவுண்ட் கார்டு வழியாக அவருக்கு வாசித்துச் சொல்லும். புது பிரிண்டரை மாட்டி முதல் பக்கம் அச்சிட்டதுமே அந்தக் குரல் நின்றுபோனது.

"கார்டு போச்சு. மெக்கானிக்கைக் கூப்பிடவா?" என்றேன்.

"அவசரக்குடுக்கை!" என்றார் தெல்லெர்வோ. "வெய்கோ, பிரிண்டர் ஓடினப்பதானே நின்னுச்சு? ரெண்டுமே ஏழாம் நம்பர் லைன்ல கம்ப்யூட்டரைக் கூப்பிடுது, அதான் மோதிக்குது. பிளக்கைப் புடுங்கிட்டுப் பெட்டியைத் திற."

திறந்தேன். அவர் கார்டைத் தடவி, அதன் ஊசிகளை இணைக்கும், அரிசி அளவே இருந்த ஜம்பர் என்ற மூடியை நகத்தால் கழற்றினார். ஊசிகளை விரலால் எண்ணி, ஐந்தாம் நம்பருக்கு உரிய இடத்தில் செருகினார். பிறகு கணினியை ஓடவிட்டு, குரலின் துணையே இல்லாமல், அமைப்புக் கோப்பில் இருந்த ஏழை ஐந்தாக மாற்றினார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

மறுபடி அச்சிட்டோம். பிரிண்டர் கடகடவென்று ஓட, குரலும் நிற்காமல் வாசித்தது.

அன்று முழுவதும் அலுவலகத்துக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் நான் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"போதும்யா, உன் காப்பி ஆறுது" என்றார் தெல்லெர்வோ. ஆனால் முகம் சந்தோஷத்தில் சிவந்திருந்தது.