இல்டாவின் இரண்டாவது வார்

1

இந்தக் கதை பிறந்த இடம் என் இடுப்பு. எங்கள் ஊர்க் கிளப்பின் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை வழிமொழிய எழுந்தேன், பெல்ட் அறுந்தது. கைதட்டல் தீர்மானத்துக்குத்தான் என்று இன்னமும் நம்புகிறேன். அடுத்த சனிக்கிழமை அதே கிளப்பின் பின்னறையில் ஃபாபியான் லெமோஸ் நடத்தும் தோல் தையல் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். பெல்ட்டைத் தைக்கப் போனவன் கதையோடு திரும்பினேன். பெல்ட் இருந்த இடத்தில் இப்போதும் கயிறுதான்.

முதல் தொடக்கம், எழுதிவிட்டு அடித்தது: 'மழை பெய்துகொண்டிருந்தது. இல்டா தெச்சேரா ஊசியில் நூலை' (மழை பெய்யவில்லை. எழுத ஒன்றும் இல்லாதபோது நான் மழையைக் கூப்பிடுவேன், அதுதான்.)

இரண்டாவது, அதுவும் அடித்தது: 'ஒரு தாய் தன் மகளின் உயிரை ஒற்றை நூலில்' (போதும். இப்படித் தொடங்குகிறவன் அடுத்த பக்கத்தில் அழ ஆரம்பித்துவிடுவான்.)

மூன்றாவது: 'பள்ளிக்கூடச் சமையல்காரி இல்டா தெச்சேரா, ஐம்பது தாண்டிய பிறகு, அங்கவடி வார் தைக்கக் கற்றுக்கொள்ள வந்தாள்.' சுவாரஸ்யம் இல்லை, ஆனால் பொய்யும் இல்லை. இருக்கட்டும்.

2

போன இலையுதிர்காலத்து நெடுந்தூரக் குதிரை ஓட்டத்தில் இல்டாவின் மகள் யானினா விழுந்தாள். சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடியைத் தாங்கும் வாரில் தையல் விட்டுப்போனது, கால் நழுவியது, தோள்பட்டை எலும்பு முறிந்தது. எலும்பு கூடியது. வசந்தகால ஓட்டத்துக்கு அவள் மறுபடியும் பெயர் கொடுத்தாள்.

"நீ திரும்ப ஏறினேன்னா என்கூடப் பேசாதே" என்று இல்டா சொல்லியிருக்கிறாள். மகளும் சொன்ன சொல் தட்டாத பிள்ளை, பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரு வார்த்தை கிடையாது. கோபத்தில் சொன்னதைத் திரும்ப வாங்கவும் இல்டாவுக்குத் தெரியவில்லை.

முதல் வகுப்பிலேயே அவள் எங்களிடம் சொன்னாள்:

"அவ ஏறத்தான் போறா. நான் குறுக்க படுத்தாலும் தாண்டிப் போயி ஏறுவா. ஏறித் தொலையட்டும். வாராவது அறாம இருக்கணும்ல?"

"நானே தச்சுத் தர்றேனே அக்கா" என்றான் ஃபாபியான். முப்பது வயதுக்காரன். அவன் மாணவர்கள் எல்லாருமே அவனைவிட மூத்தவர்கள்.

"நீ தச்சா எனக்குத் தூக்கம் வருமா?"

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு. ஆனா தைக்கும்போது நீ எவளை நெனச்சுட்டு இருப்பியோ, எனக்கென்ன தெரியும்?"

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். ஃபாபியானின் காது சிவந்தது.

3

யானினாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கதைக்குள் சரியாக உட்கார மாட்டேன் என்கிறாள். இருபத்திரண்டு வயது, ஒல்லி, இடதுகைக்காரி. 'காற்றும் விடுதலையும் அவள் ரத்தத்தில்' என்று ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது, அடித்துவிட்டேன்.

கடைசியில் ரொட்டிக்கடையில் நேராகவே கேட்டேன்.

"ஏம்மா, விழுந்து எந்திரிச்ச பிறகும் எதுக்கு இந்த ஓட்டம்?"

"நீங்க எதுக்கு எழுதுறீங்க?"

"காசுக்கு இல்ல."

"அப்ப அதேதான்" என்று ரொட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

(இடதுகை என்பது இந்தக் கதைக்கு எதற்கு என்று தெரியவில்லை. காசு கொடுத்தபோது கண்ணில் பட்டது, எழுதினேன். தேவைப்படாவிட்டால் பிறகு அடித்துக்கொள்ளலாம்.)

4

தோல் தையலுக்கு ஒரு நூல், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஊசி. வாரை மரக்கவ்வியில் கொடுத்து, கவ்வியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராக நுழைந்து வரும். இதில் ஒரே ஒரு சட்டம்: முதல் துளையில் எந்த ஊசி முந்தியதோ, கடைசித் துளைவரை அதுதான் முந்த வேண்டும். அப்போதுதான் தையல் எல்லாம் ஒரே பக்கம் சாயும். ஊசி மாறினால் சாய்வும் மாறும். (வாழ்க்கையும் ஒரு தையல்தான் என்று எழுத இந்த இடத்தில் கை அரிக்கிறது. சொறிந்துகொண்டு மேலே போகிறேன்.)

நான் தோலைக் குத்தியதைவிட என் கட்டைவிரலைக் குத்தியதுதான் அதிகம். எனவே ஃபாபியான் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு என்னிடம் வெந்நீர்க் கெட்டிலைக் கொடுத்துவிட்டான். "எழுத்தாளரே, நீங்க மாத்தே ஊத்துங்க. ஊருக்கு நல்லது."

மாத்தே என்பது குடுவையில் இலை போட்டு வெந்நீர் ஊற்றி உறிஞ்சும் பானம். குடுவை ஒன்றுதான், எல்லாருக்கும் முறை வைத்துச் சுற்றி வரும். தன் முறையில் உறிஞ்சி முடித்துக் குடுவையை ஊற்றுகிறவரிடம் திருப்பித் தர வேண்டும். தரும்போது 'நன்றி' சொன்னால் எனக்குப் போதும் என்று பொருள். சொல்லாதவரை அது வந்துகொண்டே இருக்கும். வரும்போது கை வேலையாக இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. இல்டாவும் சொல்லவில்லை. இரண்டு ஊசியையும் கீழே விடுவாள், குடிப்பாள், பிறகு முதலில் கைக்கு அகப்பட்ட ஊசியை எடுத்துத் தொடருவாள்.

முதல் வார் முடிந்ததும் ஃபாபியான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, இங்க ஒரு மாத்தே வந்திருக்கு. இந்தா, இங்க இன்னொண்ணு. இங்க மட்டும் ரொம்ப தூரத்துக்கு ஒழுங்கா இருக்கு பாருங்க, எழுத்தாளர் வெந்நீர் வைக்கப் போயிருந்தாரு."

"ஊத்துனது அவரு. ஏச்சு எனக்கா?"

"ஊசிய எடுக்கும்போது எது முந்துச்சுன்னு பாக்க வேணாமா?"

"அதை விடு. பலம் இருக்கா?"

"காளையக் கட்டி இழுக்கலாம். அழகுதான்..."

"அழகு யாரு கேட்டா?"

ஆனாலும் அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும். இரண்டாவது வாரை வீட்டிலேயே தைத்துக்கொள்வதாகச் சொன்னாள். அங்கே தனக்கு ஊற்றிக் கொடுக்க ஆள் கிடையாது, தையல் நேராக வரும் என்றாள். புருஷன் போனதிலிருந்து அவள் தனக்கென்று கெட்டில் வைப்பதில்லை. "தனியா மாத்தே குடிக்கிறதுக்கு மருந்து குடிக்கலாம்" என்பாள்.

5

இன்று காலை அந்த வாரைக் கொண்டுவந்தாள். ஓட்டம் நாளைக்கு.

ஃபாபியான் வழக்கம்போல ஜன்னலுக்குப் போனான். இந்த முறை சிரிக்கவில்லை. வாரை என்னிடம் நீட்டினான். தையல் கொஞ்ச தூரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, பிறகு மறுபக்கம், பிறகு திரும்பவும் பழைய பக்கம்.

எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது. இதை எழுத்தாளனாக அல்ல, மாத்தே ஊற்றுகிறவனாகச் சொல்கிறேன்.

"வீட்டுல யாரு அக்கா ஊத்துனது?" என்று ஃபாபியான் மெதுவாகக் கேட்டான்.

இல்டா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ரவிக்கையில் துடைத்தாள்.

"தண்ணியக் கொதிக்க விட்டுட்டா. எப்பவும் அப்படித்தான், பொறுமையே கிடையாது. இலையெல்லாம் வெந்து ஒரே கசப்பு."

"சொன்னீங்களா?"

"எதுக்குச் சொல்லணும்? குடிச்சேன்."

"ஏதாவது பேசுனீங்களா?"

"அதான் குடிச்சேன்னு சொல்றேன்ல."

வாரின் கடைசி ஒரு சாண் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அங்கே சாய்வு மாறவே இல்லை. முழுக்க ஒரே பக்கம், அதுவும் இல்டா தொடங்கிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம். நூல் தோலுக்குள் புதைகிற அளவுக்கு இறுக்கம். இல்டா ஒருநாளும் இப்படி இழுத்ததில்லை. ஃபாபியான் அதன்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தான்.

"இது உங்க கை இல்லையே அக்கா."

"எனக்குக் கண்ணு வலிச்சுச்சு" என்றாள் இல்டா.

(மூன்றாம் பகுதியில் இடதுகை என்று ஒன்று எழுதினேன். திட்டம் போட்டு வைத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால், அடிக்க மறந்துவிட்டேன்.)

"அக்கா, கொஞ்சம் நேரம் குடுங்க, பிரிச்சு ஒரே பக்கமாத் தச்சுத் தந்துர்றேன். நாளைக்கு ஊரே பாக்கும்."

இல்டா வாரைப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"அதுல கைய வச்சுப் பாரு."

6

தையலை முடிக்கும்போது இரண்டு துளை பின்னால் வந்து தைத்துவிட்டுத்தான் நூலை அறுக்க வேண்டும் என்பான் ஃபாபியான். இல்லாவிட்டால் அவிழ்ந்துவிடும். எனவே நானும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தேன், அந்தச் சமையலறைக்கு.

'யானினா அடுப்பில் கெட்டிலை வைத்தாள். அம்மா தலையை நிமிர்த்தவில்லை. குடுவையை நீட்டிய கை' (எந்தக் கை? இல்டா யார் என்று பார்க்காமல் வாங்கினாளா, பார்த்துவிட்டு வாங்கினாளா? நான் அங்கே இல்லை.)

'"தள்ளு, நான் தைக்கிறேன்" என்றாள்' (சொன்னாளா? சொல்லாமலே கவ்வியை வாங்கிக்கொண்டாளா? பேச்சை எழுதிவிட்டால் அவர்கள் பேசிவிட்டதாக ஆகிவிடும். அந்த உரிமையை எனக்கு யாரும் தரவில்லை.)

இதற்குமேல் என்னால் முடியவில்லை. ஓட்டத்தின் முடிவை வானொலிக்கு எழுதிக் கொடுப்பவன் நான்தான் என்பதால், நாளை மாலை எனக்கு எல்லாம் தெரிந்துவிடும். அதனால்தான் இன்றைக்கே நிறுத்திக்கொள்கிறேன். தெரிந்த பிறகு எழுதினால் அது செய்தி.

முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவள் முதலாவதாக வரலாம், ஊர்க் கார்களெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு பின்னால் வரும், இல்டா எல்லைக்கோட்டில் பொரித்த மாவுப்பண்டத் தட்டோடு நின்று ஒன்றும் சொல்லாமல் நீட்டுவாள். அல்லது பாதி வழியில் கால்நடை மருத்துவர் குதிரையின் நாடியைப் பார்த்துவிட்டு இறங்கச் சொல்லலாம், அம்மாவும் மகளும் வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வீடு திரும்பலாம். அல்லது அவள் மறுபடியும் விழலாம். குதிரை என்றால் அதுவும் உண்டு, நான் மறைக்கவில்லை.

எதை எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வார் அறுந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தத் தையலை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

என் முறை முடிந்தது. குடுவையைப் பிடியுங்கள். நன்றி.