ஏழு மில்லிமீட்டர்

1

இது கதையாகியிருக்கவே வேண்டாம். எண்ணூறு சொல்லில் ஒரு கைக்கடிகார மதிப்புரையாக வந்து, பல் டாக்டரின் வரவேற்பறையில் நீங்கள் புரட்டிப் பார்த்து மறந்திருக்க வேண்டியது.

விமானிகளுக்கென்றே ஒரு காலத்தில் செய்த பெரிய வாட்ச் ஒன்று உண்டு. கறுப்பு முகப்பு, வெள்ளை எண்கள், பன்னிரண்டின் இடத்தில் ஒரு முக்கோணமும் இரண்டு புள்ளிகளும். குறுக்களவு நாற்பத்து மூன்று மில்லிமீட்டர். இப்போது அதையே முப்பத்தாறில் செய்திருக்கிறார்கள். பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார்.

“பெருசு இருக்கும்போது சின்னது எதுக்குன்னு எழுதிக் குடுங்க. கடையில ஒரு மாசம் வெச்சுப் பாக்கத் தர்றாங்க. கீறல் மட்டும் விழாம பாத்துக்கோங்க.”

கீறல் விழாமல்தான் பார்த்துக்கொண்டேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

2

மதிப்புரையின் முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

“அளவு என்பது அழகின்...” (ஐயோ, வேண்டாம்.)

“சிறிய மணிக்கட்டு உள்ளவர்களுக்கு ஒரு நற்செய்தி.” (துணிக்கடை விளம்பரம்.)

“என் கணவரின் மணிக்கட்டு சிறியதல்ல. அது சிறியதாகிக்கொண்டு

மூன்றாவதை முடிக்கவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவிவிட்டு வந்து பார்த்தால் வாக்கியம் போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. நீங்கள் இப்போது படிப்பது அதிலிருந்து வந்ததுதான்.

3

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருடம் சரக்கு விமானம் ஓட்டியவர். அந்தப் பெரிய வாட்ச் பதினெட்டு வருடமாக அவர் கையில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் வயிற்றில் கோளாறு என்று வேலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டுவதில்லை.

போன முறை டாக்டர் பூசி மெழுகாமல் சொன்னார். “இளைக்கறது நின்னுட்டா மாத்திரையிலயே ஓட்டலாம். நிக்கலன்னா ஆபரேஷன்தான், தள்ளிப்போடக் கூடாது.” எடை பார்க்கும் மெஷினை மட்டும் நம்ப வேண்டாம், காலில் நீர் கோத்தால் அது கூட்டிக் காட்டும் என்றும் சொன்னார்.

இன்னொன்று. நான் எழுதும் எதற்கும் முதல் வாசகர் அவர்தான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்காருவார். நடை, உவமை, உணர்ச்சி எதையும் தொட மாட்டார். தகவல் பிழைக்கு மட்டும் அடியில் ஒரு கோடு. ஒருமுறை நான் அழுது அழுது எழுதிய கட்டுரையை, ரயில் நேரத்துக்கு அடியில் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். இரண்டு நாள் நான் பேசவில்லை. (ரயில் நேரம் தப்புதான்.)

4

முதலில் இதை வேறு யாருடைய கதையாகவோ எழுதப் பார்த்தேன். விமானியை மருந்துக்கடைக்காரர் ஆக்கினேன். மனைவியை ‘அவள்’ ஆக்கினேன்.

“அவள் நல்ல எண்ணத்தோடுதான் அதைச் செய்தாள். அன்பு சில சமயம்

வெட்டிவிட்டேன். ‘நல்ல எண்ணத்தோடுதான்’ என்று எழுதும்போதே கை கூசியது. அவளுக்கு வக்காலத்து வாங்க எனக்கென்ன யோக்கியதை, நானே அவளாக இருக்கும்போது? மருந்துக்கடைக்காரரும் சரிப்படவில்லை. இந்தக் கதையில் வரும் பிழையை ஒரு விமானியால் மட்டும்தான் செய்ய முடியும்.

நடந்தது இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி சாப்பிட வந்தான். வாய்தான் நீளம் அவனுக்கு, மனசில் ஒன்றும் கிடையாது. இவர் தண்ணீர்க் குவளைக்குக் கை நீட்டினார். பிறகு கையைத் தூக்கிக் குடித்தபோது வாட்ச் சரசரவென்று இறங்கி முழங்கைப் பக்கம் போய்விட்டது.

“என்ன மாமா, வாட்ச் வாக்கிங் கிளம்பிடுச்சு?”

எல்லோரும் சிரித்தோம். இவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தக் கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோனார். தம்பி கிளம்பும் வரை அது வெளியே வரவில்லை. வழியனுப்பக்கூட இவர் மறு கையைத்தான் ஆட்டினார். 

மறுநாள், “சர்வீஸ் பண்ணி நாளாச்சு, குடுங்க” என்று வாட்சை வாங்கிக்கொண்டேன். சர்வீசுக்குக் கொடுக்கவில்லை. என் துணி அலமாரியில், போர்வைகளுக்கு அடியில் வைத்தேன். வெள்ளிக்கிழமை, கடையில் கொடுத்த சின்னதை அவர் கையில் கட்டிவிட்டேன்.

“வாரையும் மாத்திட்டாங்க. பழசு நைஞ்சு போச்சாம்.”

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லா துடைச்சிருக்கான்” என்றார்.*

* பதினெட்டு வருடம் கட்டிய வாட்ச் ஒரு மனிதருக்கு அடையாளம் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். இந்தப் பாத்திரத்தை நம்ப எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. சின்னது பெரியதின் அச்சு. எண், முள், முக்கோணம் எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்திருக்கின்றன. அவர் கையும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறைந்திருந்தது. அதனால் பழைய கையில் பழைய வாட்ச் எப்படித் தெரிந்ததோ, அப்படியே தெரிந்தது. மதிப்புரைக்கு இதைவிட நல்ல வரி கிடைக்காது. எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது.

5

அவரிடம் ஒரு குட்டி நோட்டுப் புத்தகம் உண்டு. எதையும் தேதி போட்டு எழுதுவது விமானம் ஓட்டிய காலத்துப் பழக்கம். மருந்து நேரம் குறிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை என்னைக் கூப்பிட்டார். குரலில் ஒரு துள்ளல். அப்படி ஒரு குரலை இந்த வீட்டில் கேட்டு எத்தனை நாளாயிற்று!

“ஏம்மா, இங்க வாயேன். இதப் பாரு.”

பார்த்தேன். ஞாயிறு தவறாமல் கையை மேஜைமேல் தட்டையாக வைத்து, வாட்ச் மணிக்கட்டின் விளிம்பைத் தாண்டி எவ்வளவு வெளியே நிற்கிறது என்று தீக்குச்சியின் கனத்தை வைத்து அளந்திருக்கிறார். ‘அரைக் குச்சி.’ ‘ஒரு குச்சி.’ ‘ஒன்றரை.’ ‘இரண்டு.’ அப்புறம் கடைசி மூன்று ஞாயிறும்: ‘வெளியே இல்லை.’

“மெஷின் பொய் சொல்லும். கண்ணாடியில தினம் பாக்கறதால ஒண்ணும் தெரியாது. வாட்ச் மாறாது இல்ல? அதான் இத வெச்சு அளந்தேன். நின்னுடுச்சும்மா! சதை ஏறவே ஆரம்பிச்சிடுச்சு. கைகூட லேசா இருக்கு, தெம்பு வந்த மாதிரி.”

கை லேசாக இருந்தது சின்ன வாட்சின் கனம் குறைவு என்பதால். 

“முந்தாநாள் மாடி ஏற அவ்ளோ மூச்சு வாங்குச்சே உங்களுக்கு?”

“அது உடம்பு சொல்றது. மேகத்துக்குள்ள போனா உடம்பு என்ன வேணா சொல்லும். நேரா போறோம்னு தோணும், பாத்தா ஒரு பக்கமா சாஞ்சு கீழ இறங்கிட்டு இருப்போம். அந்த நேரத்துல கருவிய நம்பணும், உடம்ப நம்பக் கூடாது. இருபத்தாறு வருஷம் அப்படித்தானே வீட்டுக்கு வந்தேன்?”

சொல்லிவிட்டு, என் கண் முன்னாலேயே கிளினிக்குக்குப் போன் போட்டு, இந்த வியாழக்கிழமை பார்க்க வேண்டிய டாக்டரை மூன்று மாதம் தள்ளி வைத்தார். நான் கையில் துடைக்கும் துணியோடு அங்கேயேதான் நின்றேன். வாயைத் திறந்தேன்.

“காபி போடட்டுமா?” என்று கேட்டேன்.

[இந்த இடத்தில் உங்களுக்கு என்மேல் கோபம் வந்தால் அது நியாயம்தான். அவருடைய வெட்கத்தை மறைக்கத்தான் வாட்சை மாற்றினேன். அதை வைத்துத்தான் அவர் தன் உயிரை அளந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நேற்றுத் தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தேனே, அதற்கு அந்தச் சாக்கும் கிடையாது.]

6

மதிப்புரையை முதலில் முடித்துவிடுகிறேன், ஆசிரியருக்குக் கொடுத்த வாக்கு. சின்னது நல்ல வாட்ச். சட்டைக் கைக்குள் வழுக்கிக்கொண்டு நுழைகிறது. எண்கள் நெருங்கிவிட்டாலும் படிக்க முடிகிறது. சாவி கொடுக்கும் திருகைக் கையுறை போட்ட விரலுக்காக அந்தக் காலத்தில் பெரிதாகச் செய்தார்கள். இதில் அது வெறும் அழகுக்கு. கைக்குப் பொருந்துகிறதா என்று கேட்டால், பொருந்துகிறது. அடுத்த திங்கள் கடைக்குத் திரும்பிப் போகிறது.

இனி கதையின் முடிவு. மூன்று எழுதினேன்.

முதலாவதில் நான் உண்மையைச் சொல்கிறேன், அவர் சிரித்து, “பைத்தியமே” என்று தலையில் தட்டுகிறார். (அவர் சிரிக்க மாட்டார். நானாக இருந்தால் சிரிப்பேனா?)

இரண்டாவதில், வாட்ச் மாறியது அவருக்கு முதல் நாளே தெரியும், எனக்காகத் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார். இது உங்களுக்குப் பிடிக்கும், ஆசிரியருக்கு ரொம்பவே பிடிக்கும். ஆனால் தெரிந்திருந்தால் டாக்டரைத் தள்ளிப் போட்டிருக்க மாட்டார். தன் உயிரோடு விளையாடுகிற மனிதர் இல்லை அவர்.

மூன்றாவதில் அவள் வாயே திறப்பதில்லை. திங்கட்கிழமை சின்னதைக் கடையில் கொடுத்துவிட்டு, ‘மறுபடி சர்வீஸ்’ என்று சொல்லிப் பெரியதைக் கட்டிவிடுகிறாள். அடுத்த ஞாயிறு அவர் குச்சியை வைத்து அளக்கிறார். ஒரே வாரத்தில் இவ்வளவா என்று அவர் முகம்

இதையும் முடிக்கவில்லை. நேற்று ராத்திரி வரை இதைத்தான் செய்வதாக இருந்தேன்.

7

இதுவரை ‘நீங்கள், நீங்கள்’ என்று யாரையோ கூப்பிட்டு எழுதிக்கொண்டிருந்தேன். என் முதல் வாசகர் யார் என்று மூன்றாம் பகுதியிலேயே சொல்லியாயிற்று.

என்னங்க. நேர்ல சொல்ல எனக்கு வாய் வரல. நேத்துலேருந்து மூணு தடவ உங்க எதிர்ல வந்து நின்னேன், மூணு தடவயும் காபி போட்டேன். அதான் எழுதிட்டேன்.

உங்க கையில இருக்கறது முப்பத்தாறு. உங்க வாட்ச் இந்தத் தாளுக்குப் பக்கத்துல இருக்கு, தீப்பெட்டியும் இருக்கு. நீங்க எதையும் தப்பாப் படிக்கல. கருவிய மாத்தினது நான்.

வியாழக்கிழமை உங்க இடத்த இன்னும் யாருக்கும் குடுக்கலயாம், காலையில கேட்டுட்டேன். அஞ்சு மணிக்குள்ள போன் பண்ணா போதும்னாங்க. கோவிச்சுக்கோங்க, கத்துங்க, ரெண்டு நாள் என்கூடப் பேசாதீங்க. எனக்கு நீங்க வேணும், அவ்ளோதான்.

இந்தக் கதைக்கு முடிவு என்னால எழுத முடியாது. நான் சமையலறையில இருக்கேன். உங்க வாட்ச எடுத்துக் கட்டி, கைய மேஜமேல தட்டையா வெச்சு அளந்து பாருங்க. பென்சில் உங்க காதுலதான் இருக்கு. இன்னிக்குத் தேதி போட்டு இங்கயே எழுதுங்க:

................ குச்சி.