கறுப்பு மூடிக்குப் பின்னால்

...ரெண்டாவதுதான், ரெண்டாவதுதான் தெளிவா இருக்கு என்று சொல்லிவிட்டேன், குரல்கூடப் பிசிறவில்லை, இவ்வளவு சுலபமா இது, பல் பிடுங்குகிறவரிடமோ எலும்பு கட்டுகிறவரிடமோ இப்படிப் பொய் சொல்லிவிட முடியுமா, கண்ணுக்குப் பவர் பார்க்கிறவளிடம் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் வைத்ததுதான் சட்டம், எது தெளிவு என்று அவளைத்தானே கேட்டாக வேண்டும்... கேள், இன்னும் கேள். இருட்டறையின் கோடியில் எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக நிற்கிறது, மூக்கின் மேல் சோதனைச் சட்டகம் கனக்கிறது, இடது கண்ணுக்குக் கறுப்பு மூடி, வலது கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருக்கிறாள் ரேடியோ. வாய் ஓயாததால் வகுப்பு முழுக்க அவளுக்கு அந்தப் பெயர். இன்று ரேடியோவில் சத்தமே இல்லை, இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வு, ஒருத்தி கண்ணை ஒருத்தி பார்க்க வேண்டும், சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு நான் விழுந்தேன், நான் விழுந்தேனா அவள் விழுந்தாளா... சீட்டைப் பிரித்ததும் அவள் முகம் போன போக்கைப் பார்த்தபோதே முடிவு செய்துவிட்டேன்.

என் வலது கண்ணுக்கு மைனஸ் அரைதான், அதை அவள் கண்டுபிடிக்கவே கூடாது. முதல் வருடப் பாடம்தான், தூரத்திலிருந்து வரும் கதிர்கள் இணையாக வரும், கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சும்மா கிடந்தாலே போதும், கிட்டத்தில் பார்க்கும்போதுதான் அது உப்பும், உப்பினால் பவர் கூடும், பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழும், அப்புறம் மைனஸ் மேல் மைனஸாகப் போட்டால்தான் எழுத்து தெரியும். முகத்தைப் பலகைக்கு நேராக வைத்துக்கொண்டு மனசுக்குள் என் மூக்கு நுனியையே பார்க்கிறேன், லென்ஸ் உப்புகிறது, நெற்றிப் பொட்டு தெறிக்கிறது, தெறிக்கட்டும். ஒளிக்கீற்றை ஆட்டிப் பார்க்கும் கருவியையே முதலில் ஏமாற்றியாகிவிட்டது, இவள் எம்மாத்திரம். “எழுத்து தெளிவா இருக்கா, இல்ல சும்மா சின்னதா, கறுப்பா தெரியுதா?” என்று கேட்கிறாள். நன்றாகத்தான் படித்திருக்கிறாள், மைனஸ் தேவைக்கு மேல் ஏறினால் எழுத்து அப்படித்தான் சுருங்கிக் கறுக்கும், கேட்க வேண்டிய கேள்விதான். “தெளிவா இருக்கு” என்கிறேன்.

அந்தப் பாடம் நடந்த வகுப்பில்தான், பலகையில் ஒரு லென்ஸை வரைந்து அதன் பவர் என்ன என்று சார் கேட்டார், யாரோ ஒன்றரை என்றார்கள், உடனே ரேடியோ திரும்பி என்னைப் பார்த்து, “ஒன்றரையா, நம்ம ரூம்லயே ஒண்ணு இருக்கு சார்” என்றாள். சிரிப்பு, சாரும் சிரித்தார். சின்ன வயதில் எனக்கு மாறுகண், அறுவை செய்து நேராக்கினார்கள், பார்த்தால் யாருக்கும் தெரியாது, விடுதியில் சேர்ந்த புதிதில் துணி மடித்துக்கொண்டே அவளிடம் மட்டும் சொன்னேன், ஏன் சொன்னேன், அன்று அவளைப் பிடித்திருந்தது, அதனால் சொன்னேன். அன்றிலிருந்து நான் ஒன்றரை. சமையற்கட்டில் தட்டு நீட்டினாலும் ஒன்றரை, விடுதிக்கு அம்மா போன் செய்தபோது எடுத்தவள் “ஒன்றரை, உனக்கு போன்” என்று கத்த, அது யாருடி ஒன்றரை என்று அம்மா கேட்டாள், ரூம் நம்பர்மா என்றேன்... அந்த ஒரு பொய்க்காகவே இன்றைக்கு எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம்.

விளக்கைப் போட்டார்கள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அவள் அளவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். “என்னம்மா இது, மைனஸ் ரெண்டா? போன வாரம் மருந்து விட்டுப் பாத்ததுல மைனஸ் அரைதானே வந்துச்சு?” மருந்து விட்டால் லென்ஸ் உப்பவே முடியாது, அந்த அளவில் பொய் ஏறாது. அவள் தான் எழுதிய தாளையே திரும்பப் பார்த்தாள். “பேஷண்ட் சொல்ற பதில் மேல உனக்குச் சந்தேகமே வரலியா?” அவள் என்னைப் பார்த்தாள், நிதானமாகப் பார்த்தாள், “இல்ல சார், என் தப்புதான்” என்றாள். அடுத்த தடவை எழுதிக்கோ என்றார் அவர். கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது, பாஸ் செய்துவிட்டு வா என்றிருக்கிறார்கள், அது இனி இன்னொருத்திக்கு. வேண்டும், நன்றாக வேண்டும்... இதற்குத்தானே காத்திருந்தேன், தித்திக்க வேண்டாமா, நெற்றிப் பொட்டு வலிதான் பெரிதாக இருந்தது.

அடுத்து நான் அவள் கண்ணைப் பார்க்க வேண்டும், நடுவில் கொஞ்சம் இடைவேளை, குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். “பக்கவாட்டுல பாத்தேன், மூடிக்குப் பின்னால உன் இடது கண்ணு மூக்குப் பக்கம் போய்ப் போய் வந்துச்சு,” என்றாள், “ஒவ்வொரு தடவ நீ ரெண்டாவதுன்னு சொன்னப்பவும்.” ஈரம் சொட்டச் சொட்ட நின்றேன். லென்ஸ் உப்பினால் கண் உள்ளே திரும்பும், இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியது, அதுவும் அதே வகுப்பில்தான் சொல்லித்தந்தார்கள், அன்றைக்கு மீதிப் பாடம் என் காதில் ஏறவில்லை. “சார் கேட்டாரே, சொல்லியிருக்கலாமே” என்றேன், கேலியாகச் சொல்லத்தான் நினைத்தேன். “எல்லார் முன்னாடியும் உன் கண்ணப் பத்தி எப்படிடி சொல்றது?” என்றாள். மன்னிப்பு என்ற சொல்லே இல்லை, இப்போதும் இல்லை, இத்தனை வருடமாக நான் எதிர்பார்த்தது ஒரு சொல், அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தருகிறாளே, எதற்கு, இதை வாங்கிக்கொண்டு நான் என்ன செய்வது, எனக்குப் பிச்சை போடுகிறாளா... ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இப்போது அவள் நாற்காலியில், நான் நிற்கிறேன், விளக்கு அணைந்துவிட்டது. அவள் ஒரு பொய் சொன்னால் போதும், நானும் அவளோடு அடுத்த தடவை வர வேண்டியதுதான், யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது, நானும்தான். வில்லையைத் திருப்பிப் போட்டு எது தெளிவு என்றேன். முதல்ல போட்டது, என்றாள். சரி என்று அடுத்ததை எடுக்கக் கை பெட்டிக்குப் போய்விட்டது, பாதி வழியில்தான் உறைத்தது, அவள் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை, அப்படியே நம்பிவிட்டேன்... சீட்டுப் பிரித்ததிலிருந்து எவ்வளவோ கணக்குப் போட்டேனே, அடுத்து அவள் முறை வரும்போது அவளும் பொய் சொல்லலாம் என்று இந்த விளக்கு அணையும்வரை ஏன் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை?