வெட்டாமல் விட்ட மூச்சு

…வரியை வெட்டியவன் அந்த மூச்சையும் சேர்த்து வெட்டியிருக்கலாம், அதுதான் எனக்குப் புரியவில்லை, கை தவறியதா, அவசரமா, இல்லை மூச்சில் என்ன இருக்கிறது போகட்டும் என்று விட்டானா... வரிசை கொஞ்சம் நகர்ந்தது, நானும் நகர்ந்தேன், பள்ளிக்கூடத்து நடையில் நின்றுகொண்டிருந்தோம், எனக்கு முன்னால் கீழ்வீட்டு அக்கா, அவருக்கு முன்னால் யாரோ ஒரு பெரியவர், அவர் மூக்குக்கண்ணாடியின் இடது காது கம்பி வளைந்து கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, கையில் திருப்புளி இருந்தால் நின்ற இடத்திலேயே சரிசெய்துவிடலாம், கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவனுக்கு எங்கே போனாலும் முதலில் இதுதான் கண்ணில் படும், மற்றவையெல்லாம் அப்புறம்தான். ஓட்டுப் போட வந்திருக்கிறேன், யாருக்குப் போடப் போகிறேன் என்று தெரியாமல் வந்திருக்கிறேன், அதை யோசிக்க வேண்டிய நேரத்தில் ஒரு மூச்சைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் மூச்சு. செத்துப்போனவனின் மூச்சு பிரசார வண்டியின் ஒலிபெருக்கியில் தெருத்தெருவாகப் போய் ஓட்டுக் கேட்டுவிட்டு வந்தது, நேற்று முன்தினம் பிரசாரம் முடிந்ததோடு அதுவும் நின்றுவிட்டது, ஜன்னலோரம் நின்று நின்று பழகிய கால் நேற்றும் அந்த நேரத்துக்குத் தானாகப் போய் அங்கே நின்றது... வண்டி வரவில்லை, வராது என்று தெரியும், தெரிந்தும் ஏன் நின்றேன்?

அவன் அறிவிப்பாளன். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன நாய்க்குட்டி, பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த வாசலில் நிற்கிறது, எல்லாம் அவன் குரலில்தான் இந்த ஊர் கேட்டது, எல்லாரும் அவனை ‘மைக்’ என்றுதான் கூப்பிட்டார்கள், நான் மட்டும்தான் கூப்பிடவில்லை. வீட்டில் அந்தக் குரலை எடுக்கவே மாட்டான், தொண்டையைச் சேமிக்கிறானாம், அடுத்த அறையிலிருந்து ‘டீ போடு’ என்று செல்போனில் தட்டி அனுப்புவான், நீ என்ன ஊமையா என்று நான் இங்கிருந்து கத்துவேன், சிரிக்கிற முகம் ஒன்று வந்து விழும். அதனால் என்னிடம் இருப்பதெல்லாம் தட்டி அனுப்பிய எழுத்துதான். பேருந்து நிலையத்தைப் புதுப்பித்தபோது ஒரு இயந்திரப் பெண் குரலை வைத்துவிட்டார்கள், அவன் செத்த பிறகு அவன் மைக்கையும் செல்போனையும் அவனுடைய அண்ணன் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார், எடுத்துக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்து, “வாடகை வீட்ட நீங்க தொடர்ந்து வெச்சுக்கறீங்களா தம்பி, இல்ல வேற யாராவது ஃப்ரெண்டு சேந்துக்குவாங்களா?” என்றார், நல்ல மனிதர்தான், நல்ல மனதோடுதான் கேட்டார், ஒரே வீடு, ஒரே கட்டில், ஒரே குடையில் இத்தனை வருடம் நனைந்திருக்கிறோம், நான் தலையை ஆட்டினேன், எதற்கு ஆட்டினேன் என்று அவரும் கேட்கவில்லை.

“தம்பி, தூங்கறீங்களா? நகருங்க” என்றார் கீழ்வீட்டு அக்கா. அவர் எனக்கு முன்னால் நிற்கிறார், பின்னால் திரும்பி என்னை நகரச் சொல்கிறார், ஊரையே நகர்த்துகிற கை. “மைக்கு இருந்திருந்தா இந்நேரம் இந்த லைனுக்கே ஒரு அறிவிப்பு விட்டிருப்பாரு. தாய்மார்களே, செருப்பைப் பாத்து மிதிக்கவும்னு.” முன்னால் நின்ற பெரியவர்கூடச் சிரித்தார், நானும் சிரித்தேன், சிரிப்பு வருகிறது, அவனைப் பற்றிப் பேசினால் சிரிப்பு வருகிறது, பேசாவிட்டால்தான் என்னமோ ஆகிவிடுகிறது... “யாருக்குப் போடப் போறீங்கன்னு கேக்க மாட்டேன், வக்கீலம்மாவுக்குத்தான் போடுவீங்க, உங்க ரெண்டு பேரு வீட்டுக்கும் அவங்க வந்து போவாங்கல்ல” என்றார். உங்கள் இரண்டு பேர் வீடு... அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் அது காதில் தங்கிவிட்டது.

வக்கீலம்மா வீட்டுக்கு வந்தது உண்மை, போன தேர்தலுக்கு முன்னால், கட்சியும் காசும் இல்லாமல் தனியாக நின்றபோது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீயை ஆறவைத்துக்கொண்டே பேசினார், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்ந்தால் அதையும் குடும்பம் என்று சட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு ஆஸ்பத்திரி வாசலில் போய் நீ யார் என்று கேட்டால் பதில் சொல்ல முடிய வேண்டும் என்றார், எங்கள் சமையலறையில் உட்கார்ந்து ஒரு வேட்பாளர் அதைச் சொன்னார், நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வண்டியில் போடுகிற வாசகத்தை அன்றைக்குத்தான் எழுதினார்கள். உழைப்பவர் வீட்டுக்கு ஒரு குரல், படிப்பவர் வீட்டுக்கு ஒரு குரல், யாரோடு யார் வாழ்ந்தாலும் அதுவும் ஒரு வீடு, அந்த வீட்டுக்கும் ஒரு குரல். மூன்றாவது வரியை யார் சொன்னது? வக்கீலம்மா சொல்லி அவன் எழுதினானா, அவன் சொல்லி வக்கீலம்மா தலையை ஆட்டினாரா? இத்தனை நாள் எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை, அவர் வரிதான் அது, அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டேன்... கேட்டேனா? நான் அப்போது அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இந்தச் சந்தேகம் வருகிறது, ஏனென்றால் போன வாரம் தொலைக்காட்சியில் அவர் வேறு மாதிரி சொன்னார். இந்தத் தடவை பெரிய கட்சியோடு கூட்டணி, பெரிய மேடை, பேட்டி எடுத்த பெண் அந்தப் பழைய வாசகத்தைப் பற்றிக் கேட்டாள். வக்கீலம்மா சிரித்தார். “அப்படி நான் எங்கயும் சொல்லலீங்களே. யாரோ தொண்டர், ஆர்வக்கோளாறுல எழுதி வாசிச்சிட்டார். குடும்பம்னா என்னன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.” நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன், யாரோ தொண்டர் என்றதும் முதலில் யாரைச் சொல்கிறார் என்றே புரியவில்லை, புரிந்த பிறகும் கோபம் வரவில்லை, எனக்கு அப்போது தோன்றியது என்ன தெரியுமா, அவர் போட்டிருந்த கண்ணாடி நான் பொருத்திக் கொடுத்தது, அது மூக்கில் இறங்கி இறங்கி வருகிறது, ஒரு தடவை கடைக்கு வந்தால் இறுக்கிக் கொடுக்கலாம் என்று... இப்படியும் ஒரு மனம் இருக்குமா? சட்டை தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் கையை எடுத்தேன்.

ஆனால் அவன் செத்த அன்றைக்கு வந்ததும் இதே வக்கீலம்மாதான். வாசலில் அவனுடைய அண்ணன் நின்றார், மாமா நின்றார், முறையுள்ளவர்கள் எல்லாரும் முன்னால் நின்றார்கள், நான் பின்னால் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றேன், வந்தவர்கள் எல்லாரும் அண்ணன் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். வக்கீலம்மா உள்ளே வந்தார், எல்லாரையும் தாண்டினார், நேராகத் தண்ணீர் கேனிடம் வந்து என் கையைத்தான் முதலில் பிடித்தார், பிடித்துக்கொண்டே நின்றார், அதற்குப் பிறகுதான் அண்ணனிடம் போனார். அத்தனை பேர் பார்த்தார்கள், இந்த ஊரில் அன்றைக்கு நான் யார் என்று அறிந்து ஒருவர் செய்த ஒரே காரியம் அதுதான். அப்போது கேமரா இல்லை. இப்போது கேமரா இருந்தது. இதில் எது அவர்? கடையில் கண் சோதிக்கும்போது ஒரு வில்லையைப் போட்டு, இது தெளிவா என்று கேட்பேன், மாற்றிப் போட்டு, இல்லை இது தெளிவா என்று கேட்பேன், சிலர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ரெண்டும் ஒண்ணாத்தான் சார் இருக்கு என்பார்கள், எனக்கு எரிச்சலாக வரும், எப்படி ஐயா ஒன்றாக இருக்கும், நன்றாகப் பாருங்கள் என்பேன். இனிமேல் அப்படிச் சொல்ல மாட்டேன்.

வகுப்பறை வாசல் நெருங்கியது. கரும்பலகையில் யாரோ பாதி அழித்த கணக்கு. “ஒண்ணு சொல்லட்டா தம்பி” என்றார் அக்கா குரலைத் தாழ்த்தி, “எங்க வீட்டுக்காரர் யாருக்குப் போடச் சொல்றாரோ அவருக்கு மட்டும் போட மாட்டேன். கேட்டா, நீங்க சொன்னவருக்குத்தான் போட்டேன்னு சொல்லுவேன். குடும்பம்னா இப்படித்தான் ஓடணும்.” பிறகு சும்மா சொல்வதுபோல, “மைக்கு குரல் தெருவுல வரும்போது நான் அடுப்பச் சின்னதாக்கிட்டு நிப்பேன். நீங்க மேல ஜன்னல்ல நிக்கறதும் தெரியும். ஒரு இடத்துல மட்டும் குரல் விக்கற மாதிரி இருக்கே, பழசாயிடுச்சா அது?” என்றார். அவரும் கேட்டிருக்கிறார். படிப்பவர் வீட்டுக்கு ஒரு குரல் என்று முடித்து அவன் ஒரு மூச்சு இழுப்பான், மூன்றாவது வரிக்காக இழுத்த மூச்சு, ஆழமாக, அந்த வரி நீளம் என்பதால், இப்போது மூச்சு அப்படியே இருக்கிறது, வரி இல்லை, உடனே “வாக்களிப்பீர்” என்று வந்துவிடுகிறது, படியில் கால் வைத்தால் படி இல்லாத மாதிரி. “ஆமாக்கா, பழசு” என்றேன்.

வண்டி ஓட்டுகிறவரை நான் ஒருநாள் தெருமுனையில் நிறுத்திக் கேட்டேன், யார் வெட்டியது என்று. “மேலேருந்து சொன்னாங்க சார், நான் ஓட்டற ஆளு. குரலையே மாத்தணும்னாங்க, வக்கீலம்மாதான் வேணாம், மைக்கு குரலே இருக்கட்டும்னு பிடிவாதமா நின்னாங்க.” இது வேறு. வரியை வெட்ட விட்டவரும் குரலைக் காப்பாற்றியவரும் ஒரே ஆளாம். பிறகு வண்டிக்காரரே சொன்னார், “ஜெயிச்சா நன்றி அறிவிப்பும் அவரு குரல்தான் சார். போன தடவையே பேசி வெச்சிட்டாருல்ல.” எனக்கு அது மறந்தே போயிருந்தது. ஜெயித்த மறுநாள் விடியும்போதே வண்டி கிளம்ப வேண்டும் என்பதால் ஓட்டுக் கேட்பதையும் நன்றி சொல்வதையும் ஒரே அமர்வில் பேசி வைத்துவிடுவார்கள், போன தடவை தோற்றதால் நன்றியை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அன்றைக்கு நான் ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன், சுவரெல்லாம் மெத்தை, சத்தம் வெளியே வராது, அவன் உதடு அசைவதை மட்டும்தான் பார்த்தேன். அதை எனக்குப் போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டேன். அவர் இரண்டு அடி பின்னால் போனார். “ரிசல்ட்டுக்கு முன்னாடி நன்றியப் போட்டுக் கேட்டா தோத்துருவோம் சார். இந்தத் தொழில்ல யாரும் தொட மாட்டோம். ஜெயிக்கட்டும், உங்க வீட்டு வாசல்ல நிறுத்தி மூணு தடவ போடறேன்.” தோத்தா? “தோத்தா அழிச்சிருவோம். போன தடவ தோத்தப்பவே அழிச்சிருக்கணும், வெச்சிருக்கறது ராசியில்லைன்னு ஆபீஸ்ல ஏற்கெனவே என்னைத் திட்டறாங்க.”

அப்படியானால் நான் எதற்காக நிற்கிறேன் இந்த வரிசையில்? அவனை யாரோ தொண்டர் என்று சொன்னவருக்கு ஓட்டுப் போட்டால் அவன் குரல் ஒரு தடவை வாசலுக்கு வரும். போடாவிட்டால்? எதிரே நிற்பவர் ஒரு லாரி அதிபர், எங்களைப் பற்றி நல்லதாகவும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை, எங்களை மாதிரி ஆட்கள் இருப்பதே அவருக்குத் தெரியாது, அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, வருத்தப்படவும் ஒரு உறவு வேண்டும்தானே. அவன் இருந்திருந்தால் என்ன செய்வான், வக்கீலம்மா வீட்டுக்கே போய்ச் சண்டை பிடித்திருப்பானா, இல்லை, முதலில் ஜெயிக்கட்டும்டா அப்புறம் பேசிக்கலாம் என்று தட்டி அனுப்பியிருப்பானா, இரண்டும் அவன் செய்யக்கூடியதுதான்... உள்ளே போனேன், என் பெயரைச் சொன்னேன், விரலை நீட்டினேன், மை வைத்த பெண் என் முகத்தைப் பார்க்காமலே “அடுத்து” என்றாள், அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனேன், பொத்தான்கள், சின்னங்கள், வக்கீலம்மா சின்னம் மேலிருந்து மூன்றாவது. கை என்னிடம் கேட்டுக்கொண்டு போனதாக நினைவில்லை. மூன்றாவதை அழுத்தினேன். நீளமாக ஒரு சத்தம் வந்தது, அது நிற்கும்வரை விரலை எடுக்கவில்லை.

வெளியே வெயில் ஏறியிருந்தது. குழாயடியில் அக்கா விரலைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார், மை போகவில்லை. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில்தான் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அவன் முகம் முழுதாக வந்தது, கை கூப்பியபடி நன்றி பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தினான், நெஞ்சு விரிய மூச்சு இழுத்தான், தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், என்னைப் பார்த்துக்கொண்டேதான் அடுத்ததைச் சொன்னான், நீளமான வரி, சொல்லி முடித்ததும் புருவத்தை ஒரு தடவை உயர்த்தினான். அதிலும் அந்த வரி இருந்திருக்கிறது. இருந்திருந்தால் அதையும் வெட்டியிருப்பார்கள், இல்லை, இன்னும் யாரும் தொடவில்லை என்றாரே, தொட மாட்டோம் என்றாரே, அப்படியானால் இனிமேல்தான் வெட்டுவார்கள், ஜெயித்த பிறகு, விடிவதற்குள், அவசரத்தில்... மூச்சையாவது விடுவார்களா? அதற்காகவா போட்டேன்? அந்த ஒரு மூச்சுக்கு அவர் ஜெயிக்க வேண்டுமா, இல்லை அந்த வரி யாரும் தொடாமல் முழுதாகவே அழிந்துபோகட்டும் என்று...

“சரி, இப்பவாவது சொல்லுங்க தம்பி” என்றார் அக்கா, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி. “யாருக்குப் போட்டீங்க?”

சொல்லிவிடலாம் என்றுதான் மூச்சை இழுத்தேன்.