துலுக்கானம் கொட்டகையின் முன்வாசல்

“கொட்டா வோணும், கொட்டாய்க்காரன் வாணாமா? இன்னாய்யா நாயம் இது?”

பெண்சாதி வேம்புலியம்மாள் போட்ட சத்தத்தில் துலுக்கானம் கிளாரினெட் துடைத்த துணியைக் கீழே நழுவவிட்டான்.

“மெதுவா பேசு. ஆண்டே வெளிய நின்னுகினு கீறாரு.”

“கேக்கட்டும்னுதான் பேசறேன்.”

விஷயம் இதுதான். இரவு மழையில் ஊர்ப் பெரியவர் கோதண்டத்தின் வீட்டுக் கல்யாணப் பந்தல் சரிந்துவிட்டது. முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. பட்டாபிராமில் ஊர் முழுக்க நனையாமல் உட்கார ஒரே இடம், சேரிக்காரன் துலுக்கானத்தின் தகரக் கொட்டகை. பட்டாளத்து பேண்டில் வாசிக்கக் கற்றவன் அவன். யுத்தம் வந்து, ரயில் பாதையோரம் ராணுவக் கிடங்கு எழுந்ததும் இதைச் சொந்தமாகக் கட்டினான். சனிக்கிழமைதோறும் அவன் ஆட்கள் இங்கிலீஷ் பாட்டு வாசிப்பார்கள்; வெள்ளைச் சிப்பாய்கள் பூட்சு தேய ஆடுவார்கள். ஊர்க்காரர்களும் முன்வரிசையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த டம்ளரில் சோடா குடித்துத் தலையாட்டுவார்கள். அவன் ஊதும் காற்றுக்கு மட்டும் தீட்டுக் கிடையாது போலும்!

கொட்டகையைக் கொடு, நீ தெருவில் நின்று வாசி என்று வெளியே நின்ற கோதண்டம் கேட்டிருந்தார். துலுக்கானம் சம்மதித்தான். சாணி தெளித்தார்கள், கோமியம் தெளித்தார்கள், நடுக்கொட்டகையில் செங்கல் அடுக்கி ஓமம் வளர்த்தார்கள். கொட்டகைக்குச் சொந்தக்காரன் தெருவில் தூறலில் நின்றபடி வாசித்தான்.

மறுநாள் காலை, ஆட்களுக்குச் சமைக்கக் கூடையும் கையுமாக வந்த வேம்புலியம்மாளையும் துலுக்கானத்தையும் முன்வாசலிலேயே கோதண்டம் மறித்தார்.

“ஓமம் வளத்த எடம்டா. எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறின எடம். இனிமே இந்த வாசல்ல நீங்க கால் வெக்கக் கூடாது. பின்பக்கமா போய்க்கோ, வாணாங்கல.”

“வெள்ளக்காரன் பூட்சோட வருவானே ஆண்டே?” என்றாள் அவள்.

“அவுங்க வேற.”

வேறாம்! துலுக்கானம் தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்பக்கம் நடந்தான்.

வேம்புலியம்மாள் நேரே வாசலை நோக்கி நடந்தாள். மறித்து நின்றவர், பட்டுவிடப் போகிறாளே என்று பதறித் தாமே ஒதுங்கினார். உள்ளே போய், ஓமம் வளர்த்த அதே செங்கல்களுக்கு நடுவே சுள்ளியை வைத்துப் பற்றவைத்தாள். கூடையிலிருந்த கருவாட்டை எடுத்துச் சட்டியில் போட்டாள். வாசனை தெருவை எட்டியது.

“இருடி, ஒங்க சேரிக்கே இருக்கு!” மூக்கைப் பொத்திக்கொண்டு கோதண்டம் கிளம்பினார். அவர் சொன்னால் செய்கிறவர் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கருவாட்டைப் புரட்டிப் போட்டாள்.

பின்கதவு மெல்லத் திறந்தது. துலுக்கானம் தலையை மட்டும் நீட்டி, “போய்ட்டாரா?” என்றான்.

கோதண்டத்தின் மேல்கூட வராத கோபம் அப்போது வந்தது அவளுக்கு. எழுந்து போய், அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

“சுத்திகினு முன்னால வாய்யா.”

வெளியே வெகுநேரம் காலடிச் சத்தமே கேட்கவில்லை.