நடுவில் கதவு வேண்டாம்

கப்பலில் யார் யாருக்கு எந்த அறை என்று என் தங்கை றமீலா பிரித்து முடித்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டுகஸ்தோட்டையில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்னை உட்காரவைத்து, தேத்தண்ணீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் அறை பிரித்து எழுதிய தாளை வைத்தாள்.

டிசம்பர் லீவில் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல். மூன்று இரவுப் பயணம். பெல்கனி வைத்த அறை அவளுக்கும் அவள் கணவர் ஸமீமுக்கும். ஜன்னலே இல்லாத உள்ளறை எனக்கும் அவள் பிள்ளைகள் இருவருக்கும். மூத்தவன் அமானுக்குப் பதினேழு வயது, சின்னவள் றிப்தாவுக்கு எட்டு.

"தாத்தா, நீங்க கீழ்க் கட்டில்ல படுங்க. முழங்கால் நோவோட ஏணியில ஏற ஏலாதானே" என்றாள், பெரிய சலுகை செய்துவிட்டவள் மாதிரி.

தாத்தா என்றால் எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்கா. யாரும் கிழவனைத் தேட வேண்டாம்.

என் பெயர் ஸுலைஹா. முப்பது வருஷம் புவியியல் படிப்பித்துவிட்டுப் போன வருஷம் பென்ஷன் எடுத்தேன். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே கணவர் மவுத்தாகி நான் விதவையானேன். பிள்ளை இல்லை. அலவத்துகொடையில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். இப்படியான ஒருத்திக்கு எங்கள் குடும்பங்களில் விண்ணப்பம் போடாமலே ஓர் உத்தியோகம் கிடைக்கும். துணைக்குப் படுப்பது.

யாருக்காவது பிள்ளை பிறந்தால் நாற்பது நாளும் ஸுலைஹா துணைக்குப் படுப்பாள். மாப்பிள்ளை கட்டாருக்குப் போய்விட்டார், மாமிக்கு ஒப்பரேஷன், புது வீட்டில் பயமாக இருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஸுலைஹாதான். ஏழெட்டு வீடுகளில் அலுமாரிக்குப் பின்னால் என் மெத்தை சுருட்டிக் கிடக்கிறது. தம்பி வீட்டில் எனக்கென்று இருக்கும் அறைக்கும் கொண்டி கிடையாது. கழன்று விழுந்ததை, பிள்ளைகள் வந்துபோக வசதி என்று அப்படியே விட்டுவிட்டார்கள். இருபத்தெட்டு வருஷமாக எனக்கிருப்பது ஒரே ஆசை. உள்ளேயிருந்து பூட்டிய அறையில், யாருடைய குறட்டையும் இருமலும் கேட்காமல், ஒரு தடவையாவது தூங்கி எழும்ப வேண்டும். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்குச் சொன்னேன். "எனக்குத் தனி ரூம் வேணும் றமீலா."

அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"தனியாவா? பொம்புள ஒருத்தி, நடுக்கடல்ல? ஒங்களுக்கு யாரு தொணை?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு யார் துணை என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நான் ஒரு கதவைக் கேட்டவுடன்தான் இவர்களுக்கு அந்தக் கவலை வருகிறது. தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பினேன்.

மறுநாள் காலையில் பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அந்தப் பக்கம், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில்தான் றமீலா கப்பலுக்குப் பதிந்த பயண ஏஜென்சி. லோஜினி என்று ஒரு பிள்ளை இருந்தது. நாவலப்பிட்டியிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறதாம். என் பெயரையும் உத்தியோகத்தையும் கேட்டுக் கம்பியூட்டரில் தட்டியது. பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

"நீங்கதானா அது? டீச்சர்னு சொல்றீங்க. இதுல பிள்ளைகளைப் பாத்துக்க வர்ற உதவியாள்னு போட்டிருக்குங்க."

திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். வீட்டில் எல்லோருடைய விபரத்தையும் நிரப்பி அனுப்பியவன் அமான். ஒவ்வொருவரும் குடும்பத் தலைவருக்கு என்ன முறை என்று ஒரு கேள்வி. றமீலா மனைவி. அவனும் றிப்தாவும் பிள்ளைகள். எனக்கு நேரே உதவியாள்.

அந்த வரியை மூன்று முறை வாசித்தேன். நாற்பது நாள் நான் மடியில் வைத்துக் குளிப்பாட்டிய பிள்ளை அவன். வந்தது அழுகையா கோபமா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. லோஜினி ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. குடித்துவிட்டு நேரே உட்கார்ந்தேன்.

"அத அழிங்க மகள். மனைவிட மூத்த சகோதரி எண்டு போடுங்க. பொறகு கப்பல்ட படத்தக் காட்டுங்க. எனக்குத் தனியா ஒரு அறை வேணும்."

"ஒருத்தர் மட்டும் எடுத்தா ரெண்டு பேருக்குள்ளதைக் கட்டணுங்க டீச்சர்."

"கட்டுறேன்."

படத்தை விரித்ததும் என் மனம் தெளிந்துவிட்டது. வரைபடம் வாசித்தே சோறு தின்றவள் நான். முன்பக்கத்து அறைகள் வேண்டாம், அலைக்கு ஏறி இறங்கும். மேல்தட்டும் வேண்டாம், ஆட்டம் அங்கேதான் அதிகம். பின்பக்கத்தில் ஓர் அறையைத் தொட்டுக் காட்டி, இதற்கு நேர் மேலே என்ன என்று கேட்டேன். நடன மண்டபம் என்றது. அதையும் தள்ளினேன். கடைசியில் நடுப்பகுதியில், கீழ்த்தட்டில், ஜன்னல் வைத்த ஓர் அறை. அதற்குப் பக்கத்து அறையும் காலியாக இருந்தது.

"அப்ப குடும்பத்துக்கு இந்தப் பக்கத்து ரூமைப் போட்டுரலாங்க. இங்கயே நடுவுல கதவு வச்ச ரூமும் இருக்கு. குடும்பமா போறவங்க அதைத்தான் கேப்பாங்க."

"நடுவுல கதவு வேணாம்" என்றேன். "செவரு மட்டும் போதும்."

லோஜினி சிரித்தது. "எங்க அத்தையும் உங்க மாதிரிதாங்க டீச்சர். அவங்களுக்குக் கேக்கத்தான் வாய் வரல."

என் அறையை அங்கேயே உறுதி செய்தேன். பக்கத்து அறையை மறுநாள் வரை மறித்துவைக்கச் சொல்லிவிட்டு நேரே கட்டுகஸ்தோட்டைக்கு வந்தேன். அஸர் தொழுதுவிட்டு எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். அமானைக் கூப்பிட்டு, அவன் நிரப்பிய படிவத்திலிருந்து லோஜினி எடுத்துத் தந்த பழைய பிரதியை நீட்டினேன்.

"இது என்ன மகன்?"

வாசித்தவனுக்கு முகம் கறுத்துப்போனது. "லிஸ்ட்ல பெரியும்மாண்டு ஒண்டு இரிக்கல்ல. நண்பர் எண்டும் இந்த உதவியாள் எண்டும்தான் இரிந்த. நீங்க எங்களப் பாக்கத்தானே வாறீங்கண்டு..."

அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் சுட்டது. ஸமீம் கதிரையிலிருந்து எழும்பி நின்றார்.

"மதினி, பெடியன் தெரியாமச் செஞ்ச. மன்னிச்சுக்கோங்க."

"அவன் தெரிஞ்சுதான் செஞ்சீக்கிறான் ஸமீம். அவன் கண்டதத்தானே எழுதுவான். நான் கோவிக்க வரல்ல. என்ட ரூம நான் எடுத்துட்டேன், அதச் சொல்லத்தான் வந்தேன். ஒங்கட பிள்ளைகளோட இனி நீங்கதான் படுக்கோணும். நீங்களும் அமானும் உள்ளறையில படுங்க. றமீலாவும் றிப்தாவும் எனக்குப் பக்கத்து ரூம். அந்த பெல்கனிய விடுங்க. இல்லாட்டி ஒங்கட இஷ்டம் போல பிரிங்க. என்னை மட்டும் எடுத்து எங்கயும் வைக்க வேணாம்."

ஸமீம் தலையாட்டினார். பெல்கனி போனதில் அவருக்குக் கவலைதான். அமான் பிரதியைக் கிழித்துக்கொண்டு வெளியே போனான். றமீலா குசினிக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். கோபம் வந்தால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பாத்திரம் வேண்டும். நானும் பின்னால் போனேன்.

"இதுக்கா நாங்க பாடுபட்டு லீவு எடுத்து ஒங்களக் கூட்டிப் போற? ஆளுக்கொரு மூலையில படுக்கவா?" என்றாள்.

"பகல் முழுக்க ஒண்டாத்தானே இரிக்கப் போறோம்."

அவள் கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"எனக்குக் கடலுக்குப் பயம் தாத்தா. இவர் பக்கத்துல இரிந்தா சமாளிப்பேன். றிப்தா தூங்கினா தூங்கினதுதான், உலுக்கினாலும் எழும்ப மாட்டா. ராவைக்குக் கப்பல் ஆடினா எனக்கு யாரு தொணை?"

நாற்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைக்காரி. மழைக்கு இடி இடித்தால் என் போர்வைக்குள் வந்து பூந்துகொள்ளும் அதே றமீலாதான் நின்றாள். நான் வாறேன் மகள் என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம். அதைச் சொல்லியிருந்தால் அவள் கண்ணைத் துடைத்திருப்பாள், கப்பலிலும் என் மெத்தை ஒன்று விரிந்திருக்கும்.

பல்லைக் கடித்துக்கொண்டேன். உண்மையிலேயே வலித்தது.

"ஒங்கட கட்டிலும் என்ட கட்டிலும் ஒரே செவத்துலதான் இரிக்கி. படத்துல பாத்துத்தான் எடுத்தேன்" என்றேன். "பயந்தா செவத்துல தட்டுங்க. எனக்குக் கேக்கும். நானும் தட்டுவேன்."

"தட்டிட்டு வருவீங்களா?"

"இல்ல. தட்டுவேன், அவ்வளவுதான். கதவ விடிய ஸுபஹு தொழுதுட்டுத்தான் தொறப்பேன்."

நான் மனம் மாறுவேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் மாறவில்லை. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குசினிச் சுவரில் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

நானும் ஒரு தட்டுத் தட்டினேன்.

"கேக்குதா?" என்றேன்.

"கேக்குது" என்றாள். "தாளத் தாங்க. ரூம மாத்தி எழுதோணும்."

கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உள்ளறையிலிருந்த என் பெயரை வெட்டிவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் கீறினாள். அதற்குள் என் பெயரை மட்டும் எழுதி, தாளை என்னிடமே திருப்பித் தந்தாள்.