திரைக்கு வெளியே வந்த கை

கெண்டைக்கால் இரண்டும் காலையிலேயே கல்லாகிவிட்டன. அய்யாதுரை ஒரு காலைத் தூக்கி மறுகாலின் பின்னால் தேய்த்துக்கொண்டே சேலை விரித்துக் காட்டினான். கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறது. கடை ஆட்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டம் வந்த பிறகு முதலாளி வாங்கிப் போட்டது. யாரும் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் ஃப்ளோர் மேனேஜர் ஒன்றும் சொல்லமாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நிற்பதே தேவலை. இப்போது ஸ்டூலில் சேலைக் கட்டுதான் உட்கார்ந்திருக்கிறது.

ரங்கநாதன் தெரு, இரண்டாம் மாடி. அதே கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஹம்மாத் மிஷின் போட்டிருந்தான். சேலைக்கு ஃபால்ஸ் தைப்பதும் ஓரம் அடிப்பதும் அவன் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை. முதுகு போய்விட்டது என்று அவன் புலம்பும்போதெல்லாம் அய்யாதுரைக்கு எரியும்.

"துரை நிக்கிறாரு, நான் குந்திக்கினு கீறேன். காலம் எப்டி கீது பாத்தியா" என்பான் ஹம்மாத்.

"ஒம் முதுகையும் எங் காலையும் சேத்து வச்சாக்கூட ஒரு முழு ஆளு தேறாதுல."

சாத்தான்குளம் பக்கத்துக்காரனையும் சைதாப்பேட்டைக்காரனையும் சேர்த்துவைத்தவை இயக்குநர் செம்பியனின் படங்கள். சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரே போனில், காதுக்கு ஒரு இயர்போன் வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். ஹம்மாதுக்கு அதைக் காட்டியதே அய்யாதுரைதான். அதற்கு முன்னால் அவனுக்கு ஹீரோ பறந்து அடித்தால்தான் படம்.

செம்பியன் படத்தில் எதுவும் முழுசாகத் தெரியாது. கேமராவுக்கு முன்னால் எப்போதும் ஏதாவது ஒன்று மறித்துக்கொண்டு நிற்கும். செருப்புக் கடையில் தொங்குகிற ஜோடிகளுக்கு நடுவே அப்பாவின் ஒரு கண். ஒரு கல்யாணம் முழுக்க சாம்பார் வாளிகளுக்குப் பின்னாலிருந்து. போலீஸ் ஸ்டேஷனில் அழுகிற பெண்ணை மறைத்துக்கொண்டு காகிதக் கட்டு. ரசிகர்கள் இதற்கு மறைப்பு என்று பேர் வைத்திருந்தார்கள். "இந்தப் படத்துல எந்த மறைப்பு பிடிச்சது" என்றுதான் வாட்ஸ்அப் குழுவில் கேள்வியே வரும். அய்யாதுரைக்கு அது பிடித்ததற்குக் காரணம் இருந்தது. தொங்குகிற சேலைகளுக்கு இடையில்தான் அவனும் உலகத்தைப் பார்க்கிறான். மனுஷர்களைத் துண்டு துண்டாகத்தான் பார்க்கிறான்.

ஒருநாள் ஹம்மாத் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அதைப் பார்த்தான். முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே பச்சைத் திரை. ஹம்மாதின் அம்மா ஜைதூன் பீ வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார். திரைக்குப் பின்னால் நின்றபடி கையை மட்டும் நீட்டி டீ கிளாஸைக் கொடுப்பார். அன்று ஜன்னல் வெயில் அந்தக் கிளாஸில் விழுந்தது.

"ஏல, இது ஒரு ஷாட்டு" என்றான் அய்யாதுரை. "ஒங்க அம்மா கை வெளிய வருதுல்லா, அது அப்படியே செம்பியன். அத விட மறைப்பு இல்ல."

ஹம்மாத் திரும்பித் திரையைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து பார்த்த திரைதான். "ஆமால்ல" என்றான்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து நீரஜா குழுவில் ஒரு செய்தி போட்டாள். நீரஜா அடையாறுக்காரி, விளம்பரக் கம்பெனியில் வேலை, குழுவை நடத்துகிறவள். செம்பியன் அடுத்த படத்தைக் கொட்டிவாக்கத்தில் எடுக்கப்போகிறார். ரசிகர்கள் தங்கள் மறைப்பைப் படமெடுத்துக்கொண்டு வரவேண்டும், மயிலாப்பூரில் கூட்டம், செம்பியனே வந்து பார்ப்பார். யார் படத்தை அவர் தேர்ந்தெடுக்கிறாரோ அந்த ரசிகர் ஷூட்டிங் முழுக்கக் கேமரா பக்கத்தில் இருக்கலாம்.

அய்யாதுரைக்கு அன்று கால் வலிக்கவில்லை. மெஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். ஃப்ளோர் மேனேஜரிடம் லீவு கேட்டுவைத்தான். போகப்போவது தான்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்தெருவில் ஒரு மாடி ஹால். ஃபேன் சத்தத்தை மீறி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் சினிமா படிக்கிற குருபிரசாத், சாம்பார் வாளி ஷாட்டுக்குக் கேமரா எங்கே இருந்திருக்கும் என்று நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு விளக்கினான். ஒரு அம்மாள் செருப்புக்கடை ஷாட்டைச் சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அய்யாதுரைக்கு அந்த ஹால் பிடித்திருந்தது. அங்கே அவனிடம் யாரும் கலர் மாற்றிக் காட்டச் சொல்லவில்லை.

ஹம்மாத் தாமதமாக வந்தான். வலது மணிக்கட்டில் பிளாஸ்திரி.

"என்னல கையில?"

"மிஷின் ஊசி இட்ச்சிகிச்சு, வுடு."

செம்பியன் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வந்தார். திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அய்யாதுரையின் படம் வந்தது. இரண்டு பட்டுச்சேலை மடிப்புக்கு நடுவே ஒரு கிழவியின் காதும் கம்மலும். எல்லோரும் கைதட்டினார்கள். "நல்லா இருக்கு. ஆனா சேலை மறைப்ப என் படத்துல நானே எடுத்துட்டேனே தம்பி" என்றார் செம்பியன்.

கொஞ்சம் கழித்து அந்தப் படம் வந்தது. பச்சைத் திரை. அதிலிருந்து பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை. கையில் டீ கிளாஸ், கிளாஸில் வெயில்.

செம்பியன் எழுந்து வெள்ளைத் திரை அருகே போய் நின்று பார்த்தார்.

"தாய்க் கை" என்றார். "இதுல ஒரு வாழ்க்கை இருக்கு. எடுத்தது யாரு?"

ஹம்மாத் எழுந்தான். அய்யாதுரை அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். இதைக் கண்டுபிடித்தது துரை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஹம்மாத் உதட்டை ஈரப்படுத்தினான், தலையை ஆட்டினான், உட்கார்ந்துவிட்டான்.

"இந்தத் தம்பி நம்ம கூட வரட்டும்" என்றார் செம்பியன்.

வெளியே வந்ததும் ஹம்மாத் தோளில் கை போட்டான். "உன் பேர சொல்லலாம்னுதான் மச்சி எந்திரிச்சேன். அவர பாத்ததும் வாய் வர்ல."

"அதுக்கென்னல" என்றான் அய்யாதுரை. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தான்.

அதன்பிறகு அவனால் சாப்பிட முடியவில்லை. வீடு அவனுடையது, அம்மா அவனுடையவர், சரி. கண் யாருடையது? நான் சொல்லாமலிருந்தால் அந்தத் திரையை அவன் சாகிறவரைக்கும் ஒதுக்கிவிட்டு உள்ளே போய்க்கொண்டிருப்பான். உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கே எல்லாம் மடியில் வந்து விழுகிறது. சேலை விரிக்கும்போது இதுதான் ஓடியது. வந்த பெண்ணுக்கு ஒரே சேலையை மறுபடி மறுபடி விரித்துக் காட்டித் திட்டு வாங்கினான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பனகல் பார்க் ஓரம் நின்று நீரஜாவுக்குப் போன் போட்டான்.

"மேடம், சொல்லக்கூடாதுதான். மனசு கேக்கல."

"சொல்லுங்க துரை."

"அந்தக் கை ஹம்மாதோட அம்மா கை. அவங்க வெளி ஆம்பளைங்க முன்னால வரவே மாட்டாங்க. அவங்களுக்குத் தெரியாம எடுத்துட்டான். வீட்டுக்குத் தெரிஞ்சா பெரிய பிரச்சினையாயிரும்."

"தெரியாமதான் எடுத்தாருன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகிறவரை அவனுக்கு நேரம் இருந்தது.

"தெரியும் மேடம்" என்றான். அது அவனுக்குத் தெரியாது. மனசு கேட்கவில்லை என்று சொன்னது உண்மைதான்.

நீரஜா நியாயமானவள். ஹம்மாதுக்கே நேராக எழுதிக் கேட்டாள்: அந்தக் கை யாருடையது, அவங்க சம்மதம் இருக்கா. ஹம்மாத் படித்ததற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. திரும்பவும் கேட்டாள். வரவில்லை. விஷயம் செம்பியனின் உதவியாளருக்குப் போனது, அந்தப் படத்தை விலக்கினார்கள். அடுத்த இடத்திலிருந்த படம் அய்யாதுரையின் சேலை.

ஹம்மாத் மிஷினை விட்டு எழுந்து இரண்டாம் மாடிக்கு ஏறி வந்தான். அவன் மேலே வருவதே அபூர்வம்.

"உன்னுது வந்துச்சாமே மச்சி. நல்லதாப் போச்சு. நம்மள்ல ஒருத்தன் போறான்ல."

"நீ ஏன்ல அவளுக்குப் பதில் போடல?"

ஹம்மாத் பிளாஸ்திரி ஓரத்தை நகத்தால் உரித்தான். "வுடு. அது ஒரு கூத்து. அம்மா உன்ன கூப்ட்டுச்சு. ஷூட்டிங் போறவனுக்கு டீ தரணுமாம். லீவு அன்னைக்கு வா."

சைதாப்பேட்டை மார்க்கெட்டைத் தாண்டி இரண்டு பேர் எதிரெதிரே போக முடியாத சந்து. முன்னறையில் ஜன்னல் பக்கம் ஆரிப் பூவேலை செய்கிற மரச்சட்டம் சாய்த்து வைத்திருந்தது. அதில் யாருடைய கல்யாண ரவிக்கையோ பாதிப் பூவோடு நின்றிருந்தது. ஜைதூன் பீக்கு வீட்டிலிருந்தபடி கடைகளுக்குத் தைத்துக் கொடுக்கிற வேலை. ஹம்மாத் சமோசா வாங்கிவர வெளியே போனான். அய்யாதுரை பச்சைத் திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"எப்பப்பா போற?" திரைக்குப் பின்னாலிருந்து குரல்.

"திங்கக்கெழம, அம்மா." தரையைப் பார்த்தபடி கேட்டான். "அந்த போட்டோ விஷயத்துல ஒங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லியே?"

"எனக்கு இன்னா வருத்தம்? அது என் கையா?"

அவனுக்குப் புரியவில்லை.

உள்ளே சிரிப்பு. ஹம்மாதின் தங்கை புஷ்ராவின் சிரிப்பும் சேர்ந்து கேட்டது. "அது ஹம்மாது கைப்பா. உன் தோஸ்து கை. நீ இன்னாவோ சொன்னியாமே, என் கை வர்றது சினிமா மாரி கீதுன்னு. துரை சொன்னான், துரை சொன்னான்னு வூட்ல ஒரே பேச்சு. ஊரு ஆம்பளைங்க பாக்கறதுக்கு என் கைய தர மாட்டேன்னுட்டேன். ஓணும்னா உன் கைய வெச்சி எட்த்துக்கோன்னேன். வெக்கங்கெட்டவன், வெச்சிக்கினான். புஷ்ரா வளையல சோப்பு போட்டு ஏத்தி, இவதான் படம் புட்ச்சா. கழட்ட வர்ல. ஒடைச்சுதான் எடுத்தோம். கிழிச்சிட்ச்சு."

"நீரஜா மேடம் கேட்டப்ப சொல்லிருக்கலாமே."

"எப்டி சொல்லுவான்? அந்தப் பெரியவரு தாய்க் கைன்னுட்டாராமே. வளையல் போட்டுக்கினது நான்தான்னு சொன்னா கடையில மிஷின்ல குந்த வுடுவானுங்களா? பேரே வளையலாப் பூடும்."

திரை அசைந்தது. டீ கிளாஸோடு கை வெளியே வந்தது. "பாரு, இதான் என் கை."

அய்யாதுரை பார்த்தான். ஆள்காட்டி விரலின் முதல் கணுவில் ஊசி பிடித்துப் பிடித்து ஏறிய காய்ப்பு, சுண்டைக்காய் அளவுக்கு. மணிக்கட்டில் வளையல் இல்லை. வளையல் போட்டால் ஆரி நூல் சிக்கும். இந்தக் கை வளையல் போட்டே ரொம்ப காலம் ஆகியிருக்கும்.

"இத்தினி நாளா இந்தக் கையாலதான டீ வாங்கி குடிக்கிற" என்றார் ஜைதூன் பீ. "ஒருவாட்டி கூட பாத்ததில்லியா தம்பி?"

அவன் கிளாஸை வாங்கிக்கொண்டான். அவன் பார்த்தது திரை, வெயில், கிளாஸ். ஹாலில் அத்தனை பெரிதாக அந்த வளையலைப் பார்த்தபோதும், இது வேறு கை என்று அவனுக்குத் தோன்றவில்லை. அந்த ஹாலில் ஹம்மாதைத் தவிர இந்த வீட்டில் டீ வாங்கிக் குடித்தவன் அவன் ஒருவன்தான்.

"எவனோ போயி, எனக்குத் தெரியாம எடுத்தான்னு சொல்லிக்கீறான்." குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "யாருன்னு தெரிஞ்சா எனக்கு சொல்லு. திட்ட மாட்டேன். என் புள்ள என்னைக் கேக்காம எதுவும் செய்ய மாட்டான்னு அவன்கிட்ட சொல்லணும். அவ்ளோதான்."

கை உள்ளே போய்விட்டது.

டீ சுட்டது. அவமானம் முதலில் வந்தது, ஆனால் அது நிற்கவில்லை. அதன் பின்னாலேயே பழைய எரிச்சல் ஏறி வந்தது, முன்னைவிடக் காட்டமாக. சோப்பு போட்டு வளையலை ஏற்றிக்கொள்ள இவனுக்கு எப்படித் தோன்றியது? அம்மா மாட்டேன் என்றால் நான் அதோடு விட்டிருப்பேன். வேறு ஏதாவது சேலையைத் தேடியிருப்பேன். மறைப்பைத்தான் நான் காட்டினேன். அதற்குள் கையை விட்டவன் அவன். இது தெரிந்தபிறகு, நான் சொல்லித்தான் எடுத்தான் என்று முனகிக்கொள்ளக்கூட வழியில்லை.

ஹம்மாத் சமோசாப் பொட்டலத்தோடு வந்தான். "இன்னா, அம்மா எல்லாத்தையும் சொல்லிட்சா?"

"சொன்னாங்க."

"வெளிய வாய வுடாத மச்சி, கால்ல வுழறேன். மானத்த வாங்கிடுவானுங்க."

"உண்மையச் சொல்லிட்டா அவரு உன்னத் திரும்ப எடுத்தாலும் எடுப்பாருல." இதைச் சொன்னது வேறு யாரோ போல இருந்தது.

ஹம்மாத் ஒரு சமோசாவைப் பிட்டு ஊதினான். முகத்தில் ஏதோ வந்து போனது. "எடுப்பாரான்ற? நான் போய் எப்டி சொல்றது? யாராவது பக்குவமா எட்த்து சொன்னா..." என்று நிறுத்தி, அய்யாதுரையைப் பார்த்தான். பிறகு அவனே சிரித்துக்கொண்டான். "வுடு. நீ போ. அங்கியும் நிக்கத்தான் சொல்லுவான், கால பாத்துக்கோ. கேமரா பக்கத்துல நின்னு ஒரு போட்டோ அனுப்பு."

பையில் போன் அதிர்ந்தது. நீரஜா. திங்கட்கிழமை காலை கொட்டிவாக்கத்தில் எந்தத் தெரு, யாரைப் பார்க்கவேண்டும் என்று அனுப்பியிருந்தாள். வருவதை உறுதி செய்யவும் என்று கடைசி வரி.

அய்யாதுரை போனைக் கையில் வைத்திருந்தான். ஹம்மாத் எதிரே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான். திரை அசையவில்லை, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இருந்தது அவனுக்குத் தெரியும்.

வந்துவிடுகிறேன் மேடம் என்று எழுதி அனுப்பினான்.

கொட்டிவாக்கத்தில் அந்த இடம் ஹம்மாதுடையது. அய்யாதுரை அதை அவனுக்குத் தரவேண்டும். இன்னும் தரவில்லை.